அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் அடுக்கு யாருக்கு உரியது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அடுக்கு விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் (3க²ம)⁴ போன்ற ஒரு கோவையைச் சுருக்கச் சொன்னால், ஒரு நாள் 3க⁸ம⁴ என்றும் மறுநாள் 12க⁸ம⁴ என்றும் எழுதுகிறாள். சில நேரம் (க + 3)² என்பதை க² + 9 என்று முடித்துவிடுகிறாள். எல்லாம் கவனக்குறைவு என்று பள்ளியில் சொல்கிறார்கள். நாளுக்கு இருபது கணக்குப் போட வைத்தும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. நான் வணிகவியல் படித்தவள். இயற்கணிதத்தைத் தொட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வீட்டிலிருந்தபடி நான் எப்படி உதவுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மகளின் விடைகளைச் சரி, தவறு என்று மட்டும் பிரித்துச் சொல்லாமல், எந்தக் கணக்கில் என்ன எழுதினாள் என்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. 3க⁸ம⁴, 12க⁸ம⁴, க² + 9 ஆகிய மூன்றுக்கும் விடைத்தாளில் ஒரே சிவப்புக் கோடுதான் விழும் என்றாலும், அவை மூன்று வெவ்வேறு எண்ணங்களிலிருந்து பிறந்த பிழைகள். கவனக்குறைவால் வரும் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வரும். ஒரே இடத்தில், ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வராது. உங்கள் மகள் கவனமாகத்தான் இருக்கிறாள். அவள் கோவையை வாசிக்கும் விதத்தில்தான் பிசகு இருக்கிறது. ஆகவே நாளுக்கு இருபது கணக்கு என்னும் மருந்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தவறாக வாசித்தபடியே இருபது கணக்குப் போட்டால், அந்தத் தவறான வாசிப்புதான் கைப்பழக்கமாகும்.

முதல் பிழையை எடுத்துக்கொள்வோம். 3க என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் 'மூன்று க' என்றுதான் வாய்விட்டு வாசிக்கிறோம். 'மூன்று பேனா' என்று சொல்லும்போது மூன்று என்பது எண்ணிக்கை, பேனா என்பது பொருள். பேனாவுக்கு என்ன நேர்ந்தாலும் எண்ணிக்கைக்கு ஒன்றும் நேராது. அதே பழக்கத்தில் குழந்தை 3க-வை வாசிக்கும்போது, க என்பதே பொருள் என்றும் 3 என்பது அதற்கு முன்னால் வரும் வெறும் அடைமொழி என்றும் மனத்தில் பதிகிறது. பிறகு அடைப்புக்குறிக்கு வெளியே 4 என்னும் அடுக்கு வந்து நின்றால், அது பொருளைத்தான் பாதிக்கும், அடைமொழியைப் பாதிக்காது என்று அவள் முடிவு கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த வாசிப்புக்கு வழிவிடுவது எழுத்துமுறைதான். 3-க்கும் க-வுக்கும் இடையே ஒரு பெருக்கற்குறி இருக்க வேண்டும். வசதிக்காக அதை எழுதாமல் விட்டுவிட்டோம். பெரியவர்களுக்கு அந்தக் குறி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மனத்துக்குத் தெரியும். கற்றுக்கொள்கிறவளுக்கு அது இரண்டிலும் இல்லை.

எனவே முதல் வேலை, விட்டுப்போன பெருக்கற்குறிகளைத் திரும்பக் கொண்டுவருவதுதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, (3க²ம)⁴ என்பதை மகளைக் கீழ்க்கண்டவாறு எழுதச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஒரு வரியாக, எல்லாக் காரணிகளையும் பிரித்து எழுத வேண்டும். அடுக்கு 4 என்பதால் அதே வரி நான்கு முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும்.

3 · க · க · ம
3 · க · க · ம
3 · க · க · ம
3 · க · க · ம

இந்தப் பதினாறு காரணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதுதான் (3க²ம)⁴. இப்போது அவளை வரிவரியாக வாசிக்காமல், மேலிருந்து கீழாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் நெடுவரிசையில் நான்கு 3-கள் நிற்கின்றன. அது 3⁴, அதாவது 81. அடுத்த இரண்டு நெடுவரிசைகளிலும் சேர்த்து எட்டு க-க்கள், அது க⁸. கடைசி நெடுவரிசையில் நான்கு ம-க்கள், அது ம⁴. விடை 81க⁸ம⁴. பெருக்கற்பலனின் அடுக்கு என்று பாடப்புத்தகம் கட்டம் போட்டுத் தரும் விதி, கிடையாக எழுதியதை நெடுக வாசிக்கும் இந்தச் செயலைத் தவிர வேறொன்றுமில்லை. அப்படி வாசிக்க நமக்கு உரிமை தருவது, பெருக்கலில் எதை முன்னால் பெருக்குகிறோம், எதை எதோடு முதலில் சேர்க்கிறோம் என்பதால் விடை மாறாது என்னும் பண்பு. பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டு, இவற்றால் என்ன பயன் என்று தெரியாமலே பிள்ளைகள் கடந்துவிடுகிறார்கள். அவற்றின் முழுப் பயனும் தெரியும் இடம் இதுதான்.

இப்படி விரித்து எழுதுவது சின்னப்பிள்ளை வேலை என்று மகள் முகம் சுளிக்கக்கூடும். எழுத்துக்கு மேலே சிறிய எண்ணை எழுதும் இன்றைய முறையை 1637-இல் வெளியான தம் வடிவியல் நூலில் நிலைநிறுத்திய ரெனே டெக்கார்ட்டே, வர்க்கத்துக்கு மட்டும் எழுத்தை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதுவதை வழக்கமாக வைத்திருந்தார் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். அடுக்கு என்பது நீண்ட பெருக்கலுக்கான சுருக்கெழுத்து. எது சுருக்கப்பட்டது என்பது கண்முன் இல்லாதபோது சுருக்கெழுத்தை நம்பக் கூடாது.

இரண்டாம் பிழையான 12க⁸ம⁴, முதல் பிழையைவிட ஒரு படி முன்னேறிய பிழை என்பேன். அடுக்கு 3-ஐயும் பாதிக்கிறது என்பதை அவள் உணர்ந்துவிட்டாள். எப்படிப் பாதிக்கிறது என்பதில்தான் தடுமாறுகிறாள். க²-இன் நான்காம் அடுக்கு க⁸ என்பதற்கு 2-ஐயும் 4-ஐயும் பெருக்கினாள் அல்லவா? அதே வேகத்தில் 3-ஐயும் 4-ஆல் பெருக்கி 12 என்று எழுதிவிட்டாள். 'அடுக்கின் அடுக்கு என்றால் பெருக்க வேண்டும்' என்று மனப்பாடம் செய்த வாக்கியத்தில், எதை எதோடு பெருக்குவது என்னும் பகுதி நழுவிவிட்டது. பெருக்க வேண்டியது மேலே இருக்கும் சிறிய எண்களை மட்டும்தான். 3 கீழே, அடிமானமாக இருக்கிறது. அதன் தலைமேல் எழுதாமல் விட்ட ஒரு 1 இருக்கிறது.

இதற்கு ஒரு எளிய பழக்கம் உண்டு. கணக்கைத் தொடங்கும் முன், எழுதாமல் விட்ட 1-களை எல்லாம் பென்சிலால் எழுதிவிட வேண்டும். அதாவது (3க²ம)⁴ என்பதை (3¹க²ம¹)⁴ என்று மாற்றி எழுதிய பிறகு, மேல்மாடியில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் 4-ஆல் பெருக்கினால் 3⁴க⁸ம⁴ என்று தானாகவே வந்து நிற்கும். அடுத்த வரியில்தான் 3⁴-ஐ 81 என்று கணக்கிட வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒரே வரியில் செய்யும்போதுதான் 12 முளைக்கிறது. ஒரு வரியை மிச்சம் பிடிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

முதல் பிழைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பது மகளுக்கு ஆறுதலாக இருக்கும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீசின் பெயரில் வழங்கும் ஒரு பழைய கடிதத்தில், ஒரு துன்பியல் நாடகக் கவிஞரைப் பற்றிய செய்தி வருகிறது. அந்த நாடகத்தில் மைனாஸ் அரசன், ஒவ்வொரு பக்கமும் நூறு அடி உள்ள ஒரு கல்லறையைச் சிறியது என்று குறை கூறி, அதை இருமடங்காக்க ஒவ்வொரு பக்கத்தையும் இருமடங்காக்கும்படி கட்டளையிடுகிறான். இது தவறு என்று கடிதம் எடுத்துக்காட்டுகிறது: பக்கங்களை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், கன அளவு எட்டு மடங்காகும். பக்கம் க உள்ள கனசதுரத்தின் கன அளவு க³. பக்கத்தை 2க ஆக்கினால் கன அளவு (2க)³, அதாவது 8க³. அதை 2க³ என்று நினைத்ததுதான் அந்த அரசனின் பிழை. உங்கள் மகள் 3-ஐ அடைப்புக்குறிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்ததும் இதே பிழைதான். வீட்டில் ஒரே அளவுள்ள சிறு கனசதுரக் கட்டைகள் இருந்தால், ஒரு கட்டையின் பக்கத்தைப்போல் இருமடங்கு பக்கமுள்ள பெரிய கனசதுரத்தை அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். எட்டுக் கட்டைகள் தேவைப்படும். நீளத்தில் ஒரு 2, அகலத்தில் ஒரு 2, உயரத்தில் ஒரு 2 என மூன்று முறை அந்த 2 உழைத்திருப்பதை அவள் கையாலேயே தொட்டுப் பார்ப்பாள்.

மூன்றாம் பிழையான (க + 3)² = க² + 9 என்பதுதான் இருப்பவற்றில் மிகவும் பிடிவாதமானது. இதைக் கல்லூரி வரைக்கும் சுமந்துவரும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு பிழைகளைத் திருத்தும் ஆர்வத்தில், 'அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள அடுக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேரும்' என்று நாமே வாய்தவறிச் சொல்லிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வாக்கியம் தவறு. ஒவ்வொரு காரணிக்கும் போய்ச் சேரும் என்பதே சரி. காரணிகள் பெருக்கலால் இணைந்தவை. க + 3 என்பதில் க-வும் 3-ம் கூட்டலால் இணைந்த உறுப்புகள். ஆகவே நீங்கள் வீட்டில் சொல்லும்போதும் 'ஒவ்வொன்றுக்கும்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'ஒவ்வொரு காரணிக்கும்' என்றே சொல்லுங்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால் ஐயம் உடனே தீரும். (4 + 3)² என்பது 7², அதாவது 49. ஆனால் 4² + 3² என்பது 16 + 9, அதாவது 25. காணாமற்போன 24 எங்கே? பக்கம் 7 உள்ள ஒரு சதுரத்தைக் கட்டத்தாளில் வரைந்து, மேல்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் 4, 3 என்று பிரித்துக் கோடு போட்டால், உள்ளே 16 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரமும், 9 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரமும், பக்கத்துக்கு 12 கட்டங்களாக இரண்டு செவ்வகங்களும் கிடைக்கும். க² + 9 என்று எழுதுகிறவர் அந்த இரண்டு செவ்வகங்களையும் கணக்கில் சேர்க்க மறக்கிறார். முன்பு செய்ததுபோல் (க + 3), (க + 3) என்று இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நெடுக வாசித்தால் என்ன என்று மகள் கேட்கலாம், நல்ல கேள்வி. இங்கே ஒவ்வொரு வரியும் தனக்குள் கூட்டலால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்காமல் க-வை மட்டும் தனியே உருவி எடுக்க முடியாது. பங்கீட்டுப் பண்பின்படி மேல்வரியின் ஒவ்வோர் உறுப்பும் கீழ்வரியின் ஒவ்வோர் உறுப்போடும் பெருக வேண்டும்; அப்படிப் பெருக்கினால்தான் நடுவில் 6க கிடைத்து, க² + 6க + 9 முழுமையாகும்.

இதைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு விளக்கம் உண்டு. 4(க + ம) என்றால் 4க + 4ம என்பதில் உங்கள் மகளுக்கு ஐயமே இருக்காது. ஒரு கூட்டலைத் திரும்பத் திரும்பக் கூட்டும்போது, ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே நான்கு முறை வருகிறது. (கம)⁴ = க⁴ம⁴ என்பதும் அதே செய்திதான், ஒரு படி மேலே: ஒரு பெருக்கலைத் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது, ஒவ்வொரு காரணியும் தனித்தனியே நான்கு முறை வருகிறது. ஆகவே பெருக்கல் கூட்டலின்மேல் பங்கிடப்படும். அடுக்கு பெருக்கலின்மேல் பங்கிடப்படும். ஒரு படி தாண்டிக் குதித்து, அடுக்கைக் கூட்டலின்மேல் பங்கிட முடியாது. அதேபோல் 4(கம) என்பதை 4க · 4ம என்று பங்கிடவும் கூடாது. அது 16கம ஆகிவிடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், விதிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கட்டளைகள் அல்ல என்பது அவளுக்குப் புலப்படும்.

அடுத்து, அடுக்கு எதன்மேல் நிற்கிறது என்னும் கேள்வி. அடுக்கு தனக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பதற்கு மட்டுமே உரியது. அங்கே ஓர் எழுத்து இருந்தால் அந்த எழுத்துக்கு மட்டும். மூடும் அடைப்புக்குறி இருந்தால் அந்த அடைப்புக்குள் இருக்கும் முழுமைக்கும். ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற சமன்பாட்டில், ஆற்றல் என்பது நிறை பெருக்கல் ஒளியின் வேகத்தின் வர்க்கம். வர்க்கம் வேகத்துக்கு மட்டும்தான், நிறைக்கு இல்லை. அதே நேரத்தில் ஒளியின் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர் என்று பொருத்தும்போது, வேகம் முழுவதையும் அடைப்புக்குள் வைத்து (3 × 10⁸)² என்று எழுத வேண்டும். விடை 9 × 10¹⁶. அடைப்பை மறந்தவர்கள் 3 × 10¹⁶ என்று எழுதி, மூன்றில் ஒரு பங்கு ஆற்றலோடு நின்றுவிடுவார்கள். ஒரே சமன்பாட்டில் இரண்டு பாடங்களும் இருக்கின்றன.

குறைக்குறியும் இதே கேள்வியில் அடங்கும். (−2க³)⁴ என்பதில் −2 முழுவதும் உள்ளே இருப்பதால் விடை 16க¹². −(2க³)⁴ என்பதில் குறைக்குறி அடைப்புக்கு வெளியே நிற்பதால் விடை −16க¹². குறைக்குறியை −1 என்னும் ஒரு காரணியாக நினைத்து, அந்தக் காரணிக்கும் நெடுவரிசை வாசிப்பைச் செய்தால் குழப்பமே இராது: இரட்டைப்படை எண்ணிக்கையில் −1-கள் பெருகினால் மிகை, ஒற்றைப்படையில் குறை. நீங்கள் வணிகவியல் படித்தவர் என்பதால் ஓர் எச்சரிக்கை. மகளின் விடையைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்ட் எக்செலைத் திறக்கத் தோன்றலாம். அடைப்பில்லாமல் −3² என்பதை அதில் உள்ளிட்டால், அது குறைக்குறியை முதலில் சேர்த்துக்கொண்டு 9 என்று காட்டும். கணித வழக்கப்படியும், பைத்தான் போன்ற நிரல்மொழிகளின்படியும் விடை −9. இரண்டுக்கும் இடையே மகள் மாட்டிக்கொள்ள வேண்டாம். எப்போதும் அடைப்பிட்டே உள்ளிடுங்கள்.

விடையைச் சரிபார்க்க எக்செலைவிட நல்ல வழி ஒன்றை உங்களுக்குத் தருகிறேன். இதற்கு இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முதலில் எல்லா எழுத்துகளுக்கும் 1-ஐப் பொருத்துங்கள். (3க²ம)⁴ என்பது 3⁴, அதாவது 81 ஆகும். மகளின் விடையில் எழுத்துகளுக்கு 1-ஐப் பொருத்தினால் 3 வந்தாலும் 12 வந்தாலும் கெழு, அதாவது எழுத்துகளுக்கு முன்னால் நிற்கும் எண், தவறு என்று அடுத்த நொடியே தெரிந்துவிடும். ஆனால் 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1 என்பதால், எழுத்துகளின் அடுக்குகள் சரியா என்பதை இது காட்டாது. அதற்கு ஓர் எழுத்துக்கு மட்டும் 10-ஐயும் மற்றவற்றுக்கு 1-ஐயும் பொருத்துங்கள். க = 10, ம = 1 என்றால் அடைப்புக்குள் 300; அதன் நான்காம் அடுக்கில் 81-ஐத் தொடர்ந்து எட்டுச் சுழியங்கள். சுழியங்களின் எண்ணிக்கையே க-வின் அடுக்கு. 2-ஐ மட்டும் பொருத்திப் பார்க்க வேண்டாம். 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 என்பதால், அது சில தவறுகளையும் சரியென்று காட்டிவிடும். இதே காரணத்தால் (க²)² போன்ற கணக்குகளையும் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். அடுக்குகளைக் கூட்டினாலும் பெருக்கினாலும் க⁴ என்றே வரும், எதைச் செய்தாள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். (க³)² என்று கொடுத்தால், க⁵ என்று எழுதுகிறாளா க⁶ என்று எழுதுகிறாளா என்பது தெளிவாகிவிடும்.

வகுத்தலிலும் குறை அடுக்குகளிலும் புதிதாக ஒன்றுமில்லை. (2க²/3ம)³ என்றால் மேலும் கீழும் உள்ள எல்லாக் காரணிகளுக்கும் 3 சேரும், விடை 8க⁶/27ம³. (3க⁻²ம)⁻² என்றால் 3⁻²க⁴ம⁻², அதாவது க⁴/9ம². இங்கே 3⁻² என்பதை −9 என்றோ −6 என்றோ எழுதாமல் 1/9 என்று எழுதுகிறாளா என்பதை மட்டும் பாருங்கள். குறை அடுக்கு என்பது தலைகீழியைக் குறிக்கிறது, குறை எண்ணை அல்ல.

விதியை எதிர்த்திசையில் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனெனில் பிள்ளைகளுக்கு இந்த விதியின்மேல் ஆசை பிறப்பது அங்கேதான். 2⁷ × 5⁷ எவ்வளவு என்று கேளுங்கள். 128-ஐயும் 78125-ஐயும் பெருக்கத் தாளைத் தேடுகிறவர்கள் தேடட்டும். அடுக்குகள் ஒன்றாக இருப்பதைக் கண்டவள் அடிமானங்களைப் பெருக்கி, 10⁷, அதாவது ஒரு கோடி என்று சொல்லிவிடுவாள். 128 × 625 என்றால்? அது 2⁷ × 5⁴, ஏழு 2-களில் நான்கை 5-களோடு சோடி சேர்த்தால் 10⁴, மீதி 2³, விடை 80000. இப்படி நாலைந்து கணக்குகளை வாய்க்கணக்காகச் செய்துவிட்டால், (கம)⁴-க்கும் க⁴ம⁴-க்கும் நடுவே உள்ள சமக்குறி இரண்டு பக்கமும் நடக்கக்கூடிய பாலம் என்பது அவளுக்கு விளங்கிவிடும்.

பாடப்புத்தகத்தில் வரும் கடினமான கணக்குகள் பெரும்பாலும் இரண்டு அடைப்புகளைச் சேர்த்துத் தருபவை. உதாரணமாக (2க³ம)³ · (−5கம²)². இங்கே அவசரப்பட்டு 2-ஐயும் −5-ஐயும் முதலில் பெருக்கக் கூடாது. ஒன்று மூன்று முறையும் மற்றொன்று இரண்டு முறையும் வருவதால், அவற்றை அப்படியே இணைக்க முடியாது. ஒவ்வோர் அடைப்பையும் தனியாக அவிழ்த்தால் 8க⁹ம³ என்றும் 25க²ம⁴ என்றும் கிடைக்கும். இப்போதுதான் பெருக்க வேண்டும்: 8 × 25 = 200; க-வின் அடுக்குகள் 9 + 2 = 11; ம-வின் அடுக்குகள் 3 + 4 = 7. விடை 200க¹¹ம⁷. ஒரே கணக்கில் அடுக்குகளை முதலில் பெருக்குகிறோம், பிறகு கூட்டுகிறோம். எப்போது பெருக்குவது, எப்போது கூட்டுவது என்று மகள் கேட்டால், விதியின் எண்ணைச் சொல்லாதீர்கள். வரிகளை விரித்து எழுதி க-க்களை எண்ணச் சொல்லுங்கள். மூன்று வரிகளில் மும்மூன்றாக ஒன்பது, இன்னும் இரண்டு வரிகளில் ஒவ்வொன்றாக இரண்டு. எண்ணிப் பார்த்தவளுக்கு எது பெருக்கல், எது கூட்டல் என்பது தானே தெரியும்.

மேல்வகுப்புகளுக்குப் போகும்போது இந்த விதிக்கு எல்லைகள் உண்டு என்பதை அவள் சந்திப்பாள். வர்க்கமூலம் என்பது ½ என்னும் அடுக்கு. மிகை எண்களுக்கு √4 × √9 = √36 என்பது சரி. ஆனால் −4, −9 ஆகியவற்றின் வர்க்கமூலங்களை, குறை எண்களுக்கும் வர்க்கமூலம் உள்ள கலப்பெண்களில் பெருக்கினால் −6 வரும். (−4) × (−9)-இன் வர்க்கமூலமோ 6. எண்களைச் செவ்வகமாக அடுக்கி எழுதும் அணிகளில் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும் என்பதால், பொதுவாக அங்கே (கம)²-ஐக் கமகம என்றுதான் எழுத முடியும், க²ம² என்று எழுத முடியாது. நெடுக வாசிக்கும் உரிமையைத் தந்தது பரிமாற்றுப் பண்புதான் என்று முன்பே சொன்னேன். அந்தப் பண்பு இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை. இதை இப்போது அவளுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் காரணத்தோடு கற்றவள் அன்றைக்குத் தடுமாற மாட்டாள்.

நாள்தோறும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இருபது கணக்குகளுக்குப் பதில் நான்கு கணக்குகள் போதும். ஒவ்வொன்றிலும் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து, நெடுக வாசித்து, விதிப்படி வரும் விடையோடு ஒப்பிடட்டும். நான்கில் ஒன்று கட்டாயம் கூட்டல் உள்ள அடைப்பாக இருக்கட்டும். எதற்கு இந்த விதி பொருந்தாது என்று கண்டுபிடிப்பதும் பயிற்சிதான். விடையைச் சொல்வதற்கு முன் 'இந்த அடுக்கு எதன்மேல் நிற்கிறது, உள்ளே இருப்பவை காரணிகளா உறுப்புகளா?' என்று அவள் வாய்விட்டுச் சொல்லட்டும். அவள் சொல்வதைக் கேட்பதுதான் உங்கள் வேலை. திருத்த வேண்டிய இடத்தில்கூட உடனே திருத்தாமல், 1-ஐயும் 10-ஐயும் பொருத்திப் பார்க்கச் சொல்லி, அவளே பிடிக்க விடுங்கள். வரிகளை விரித்து எழுதுவதை எப்போது நிறுத்தலாம் என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். அலுப்புத் தட்டித் தானாகவே நிறுத்துகிற நாளில், அந்த வரிகள் அவள் மனத்துக்குள் போய்விட்டன என்று பொருள்.

முதல் நாளுக்கான நான்கு கணக்குகளையும் நானே தந்துவிடுகிறேன்: (5கம³)², (−2க²ம³)⁵, (க + 5)², 4³ × 25³. உங்களிடம் இருக்க வேண்டிய விடைகள் முறையே 25க²ம⁶, −32க¹⁰ம¹⁵, க² + 10க + 25, 1000000. இரண்டாவதில் அவள் −10 என்று தொடங்கினால், ஒன்றும் சொல்லாமல் பென்சிலைக் கொடுத்து, எழுதாமல் விட்ட 1-ஐ 2-இன் தலைமேல் எழுதச் சொல்லுங்கள்.